சத்தம் வந்தது, தண்ணீர் ஓடவில்லை

பக்கத்துக் கொட்டகையில் யாரோ வண்டியின் சாவியைத் திருப்பினார்கள். இன்ஜின் கிளம்பவில்லை. சாவி பாதியிலேயே நின்றது. அந்த அமைதியில் மெல்லிய ரீங்காரம் ஒன்று மட்டும் சுவரைத் தாண்டி வீட்டுக்குள் வந்தது. டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட தேனீயைப் போல, விட்டுவிட்டு வராமல், ஒரே சீராக.

காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்த மெக்கானிக்கின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. எந்த வண்டி என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தங்கை வீட்டு டிரக். அதன் முன்பக்கத்தில், ரேடியேட்டரை ஒட்டி, உள்ளங்கை அளவில் ஒரு பம்ப் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் முதலில் முனகுவது அதுதான்.

"மாப்பிள்ளை வந்திருக்கார்" என்றார்.

அவர் மனைவி கையிலிருந்த பாத்திரத்தை ஓசைப்படாமல் கீழே வைத்தாள். பதினோரு நாளாக அந்த வீட்டில் யாரும் உரக்கப் பேசவில்லை. பாத்திரங்கள்கூட.

அந்த வட்டாரத்து டிரைவர்கள் மெக்கானிக்குக்கு வைத்த பெயர் 'காது'. நேரில் 'காது அண்ணே', முதுகுக்குப் பின்னால் வெறும் 'காது'. பெயர் சும்மா வரவில்லை. பதினாறு வயதில் அவர் முதன்முதலாக வேலைக்குப் போன பட்டறையில், முதலாளி இரண்டு வருடம் அவரை ஒரு ஸ்பேனரைக்கூடத் தொட விடவில்லை. டீசலில் சாமான் கழுவுவதும் தரையைக் கூட்டுவதும்தான் வேலை. கைக்குத்தான் தடை, காதுக்கு யார் தடை போட முடியும்? கழுவிக்கொண்டே கேட்டார். எந்த இருமலுக்கு எந்த நோய், எந்த முனகலுக்கு எந்த பேரிங் என்று கேட்டுக் கேட்டு மனதில் எழுதிக்கொண்டார். கடைசியில் ஸ்பேனர் கைக்கு வந்தபோது, எதைக் கழற்ற வேண்டும் என்பது அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

நீளமான ஸ்க்ரூ டிரைவரின் ஒரு முனையை இன்ஜினில் வைத்து, மறுமுனையைக் காதெலும்பில் ஒட்டி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நிற்பார். பிறகு ஒரே ஒரு பொருளின் பெயரைச் சொல்வார். கழற்றிப் பார்த்தால் அதுவாகத்தான் இருக்கும். "மூணு தெரு தள்ளி ஒரு பேரிங் அழுதா இவருக்குக் கேட்டுடும். அடுப்படியிலேருந்து நான் கூப்பிட்டா மட்டும் கேக்காது" என்று மனைவி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

இவ்வளவு கூர்மையான காதை வைத்துக்கொண்டு அந்த மனிதர் கேட்கத் தவறியது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றுக்கு அவர் கொடுத்த விலைதான் இந்தக் கதை.

அவருடைய அப்பா கடல் தாண்டி வேலைக்குப் போனவர். முதல் வருடம் மாதம் ஒரு கடிதம் வந்தது. இரண்டாம் வருடம் மூன்று. அதற்கப்புறம் தபால்காரர் அந்த வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தவேயில்லை. அம்மா மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தபோது இவருக்குப் பதினாறு, தங்கைக்கு நாலு. சின்னவளைத் தாங்கள் வளர்க்கிறோம் என்று உறவுக்காரர்கள் வந்தார்கள். வந்தவர்கள் குழந்தையின் முகத்தைப் பார்க்கவில்லை, வேலைக்கு ஆகுமா என்று கையைத்தான் பார்த்தார்கள். இவர் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவள் எங்கேயும் வரமாட்டாள் என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து அவள் வளர்ந்தது பட்டறையில். பள்ளி விட்டதும் அங்கேதான் வருவாள். பழைய டயர்களின் மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். நோட்டில் பாதிப் பக்கம் கிரீஸ் கறை. ஒருநாள் ரிப்பேர் முடிந்த கார் ஒன்றின் பின் சீட்டில் ஏறித் தூங்கிப்போனாள். வண்டிக்காரர் கவனிக்காமல் எடுத்துக்கொண்டு போய்விட்டார். காது அண்ணன் செருப்பில்லாமல் இரண்டு தெரு ஓடி, சிக்னலில் நின்ற காரைப் பிடித்துத் தங்கையை மீட்டார். "வண்டிக்கு எக்ஸ்ட்ரா பார்ட்டு போட்டு விட்டுட்டியாடா" என்று பட்டறைக்காரர்கள் ஒரு வருடம் கேலி செய்தார்கள். காலையில் தலை பின்னிவிடுவதும் அவர்தான். மின்சாரக் கம்பியை முறுக்குவது போல அவர் பின்னிய பின்னல் மூன்று நாளானாலும் கலையாது. பள்ளியில் அவளைக் 'கம்பி' என்று கூப்பிட்டார்கள். வேறு மாதிரி பின்னத் தெரியாதா என்று அவள் அழுததும் உண்டு.

பிறகு அவருக்குக் கல்யாணம் ஆனது. வந்தவள் நல்லவள். அவர்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அதைப் பற்றி அவர் அதிகம் வருத்தப்பட்டதும் இல்லை. ஒரு பிள்ளையை வளர்த்தாயிற்றே என்ற எண்ணம்.

தங்கை தன் புருஷனைக் கண்டுபிடித்ததும் பட்டறையில்தான், அண்ணன் பிறகு வீட்டை ஒட்டிச் சொந்தமாகப் போட்ட கொட்டகையில். மலைக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து காய்கறி ஏற்றி வருபவர். அதிர்ந்து பேசாத மனிதர். வண்டி தயாராக ஒரு நாள் முழுக்க ஆனாலும் ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். தங்கை தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னபோது, காது அண்ணன் போய் அந்த ஆளின் வண்டியைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு வந்து, "வண்டியை அடிச்சு ஓட்டாத ஆளு. உன்னையும் அடிக்க மாட்டான்" என்று சம்மதம் சொன்னார். ஒரே ஒரு குறை, மனிதர் ரொம்ப மெதுவாக ஓட்டுவார். 'மாப்பிள்ளை கால்ல பஞ்சு கட்டியிருக்கார்' என்பது அந்தக் குடும்பத்தின் நிரந்தர வேடிக்கை ஆனது.

அந்த டிரக்கைத் தேடிக் கொடுத்ததும் காது அண்ணன்தான். மாப்பிள்ளையின் ஊருக்கும் ஆஸ்பத்திரி இருக்கும் இந்த நகரத்துக்கும் நடுவில் ஒரு மலை. பதினான்கு கிலோமீட்டர் ஏற்றம். சாதாரண இன்ஜின் பாரத்தோடு ஏறும்போது மூச்சு வாங்கும். இதில் சூப்பர்சார்ஜர் இருக்கிறது. காற்றை அழுத்தி அழுத்தி இன்ஜினுக்கு ஊட்டும் கருவி அது. அழுத்தினால் காற்று கொதிக்கும். அந்தக் காற்றை ஆற்றுவதற்கு இன்டர்கூலர். அதற்குள் தண்ணீர் ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சுற்ற வைப்பதுதான் அந்த உள்ளங்கை அளவு பம்ப். தண்ணீர் நின்றால் காற்று சூடாகும். காற்று சூடானால் இன்ஜின் வெடித்துவிடாமல் இருக்க, வண்டியிலிருக்கும் கம்ப்யூட்டர் தானாகவே பலத்தைக் குறைத்துவிடும். "இந்த மலைக்கு இதைவிட நல்ல வண்டி கிடையாது" என்று சொல்லித்தான் அவர் அதை வாங்க வைத்தார்.

கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து, இரண்டு முறை கலைந்த பிறகு, தங்கையின் வயிற்றில் குழந்தை தங்கியது. எட்டாவது மாதம் முடிந்திருந்தபோது ஒரு மத்தியானம் இருவரும் பட்டறைக்கு வந்தார்கள். டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழி. ஏற்றத்தில் வண்டி முன்பு போல இழுக்கவில்லை, ஆரம்பத்தில் நன்றாக ஏறுகிறது, பாதி மலையில் சோர்ந்துபோகிறது என்று மாப்பிள்ளை சொன்னார்.

இந்தப் புகாரைக் கேட்டால் எந்த மெக்கானிக்கும் செய்ய வேண்டியது மூன்று. தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து உள்ளே தண்ணீர் சுழல்கிறதா என்று பார்க்க வேண்டும். தண்ணீர் போகிற ரப்பர் ஹோஸையும் வருகிற ஹோஸையும் இரண்டு கையால் பிடித்துச் சூட்டை ஒப்பிட வேண்டும். பம்ப் ஓடும் சத்தம் வருகிறதா என்று கேட்க வேண்டும். இன்ஜின் சூடாக இருந்ததால் மூடியைத் திறக்க அரைமணி காத்திருக்க வேண்டும். வெளியே வெயில் தகித்தது. தங்கை வண்டியின் முன் சீட்டில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, உதட்டின் மேல் வியர்வை அரும்ப உட்கார்ந்திருந்தாள். அண்ணன் வேலையை முடிக்காமல் தான் மட்டும் உள்ளே போகமாட்டேன் என்று செல்லமாக அடம் பிடித்தாள்.

அவர் சாவியைத் திருப்பச் சொன்னார். ரீங்காரம் கேட்டது. சுத்தமான, சீரான ரீங்காரம். காதுக்கு அது போதுமாக இருந்தது.

"பம்ப் ஓடுது. வண்டியில ஒண்ணுமில்ல. மாப்பிள்ளை கால்தான் பயப்படுது" என்று பானெட்டை மூடினார்.

தங்கை வயிறு குலுங்கச் சிரித்தாள். மாப்பிள்ளையும் சிரித்தார். அண்ணன் அவளைக் கைத்தாங்கலாக இறக்கி உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அன்று மாலை வரை வீடு முழுக்கப் பேச்சும் சிரிப்புமாக இருந்தது. அந்த வீட்டில் அவள் கடைசியாகச் சிரித்தது அன்றுதான்.

அதற்கப்புறம் மாப்பிள்ளை வண்டியைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஒருமுறை ஆரம்பித்தபோது, அண்ணன் சொன்னால் சொன்னதுதான் என்று அவள் முடித்துவிட்டாள். அவரும் விடியற்காலைக் குளிரில் மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கிக் காலத்தை ஓட்டினார்.

பிறகு அந்த நாள் வந்தது. குழந்தைக்கு நாள் குறித்ததற்கு மூன்று வாரம் முன்னால், காலை பதினோரு மணிக்கு, சமையலறையில் நின்றபடியே அவளுக்கு ரத்தம் போகத் தொடங்கியது. ஆம்புலன்ஸ் நகரத்திலிருந்து மலையேறி வர வேண்டும், வந்து திரும்ப வேண்டும். நம்முடைய வண்டி இருக்கும்போது எதற்கு என்று அவளே சொன்னாள். முதல் மூன்று கிலோமீட்டர் டிரக் பறந்தது. அதன் பிறகு யாரோ பின்னாலிருந்து கயிறு கட்டி இழுப்பது போலத் தளர்ந்தது. பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்து முந்திப் போயின. மிதிங்க, மிதிங்க என்று அவள் கெஞ்சினாள். மிதித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று அவர் அழாத குறையாகச் சொன்னார். நாற்பது நிமிடத்தில் முடிய வேண்டிய பாதை ஒன்றரை மணி நேரம் ஆனது.

பெண் குழந்தை. மூச்சு இல்லை.

கொஞ்சம் முன்னாடி வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். எத்தனையோ பேரிடம் பழக்கத்தில் சொல்லும் வாக்கியமாக அது இருக்கலாம். ஆனால் அது கட்டிலில் கிடந்தவளின் காதில் விழுந்துவிட்டது. அவள் புருஷன் பக்கம் திரும்பி ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "அண்ணன் அன்னிக்கே சொன்னாரு, உங்க கால்தான் பயப்படுதுன்னு." அதோடு அவள் அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

இதெல்லாம் நடந்த பதினோராம் நாள்தான் மாப்பிள்ளை கொட்டகையில் சாவியைத் திருப்பியது.

மெக்கானிக் கையைக் கழுவிக்கொண்டு போனார். மாப்பிள்ளை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. சட்டையில் ஒரு பொத்தான் மாற்றிப் போட்டிருந்தார். அவள் சாப்பிடுகிறாளா என்று இவர் கேட்டார். தட்டை வைத்தால் சாப்பிடுகிறாள், வைத்தது யார் என்று பார்ப்பதில்லை என்றார் அவர். அடுத்த வாரம் அவள் தன் துணிகளை எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிடப் போகிறாளாம். எழுதி மேசைமேல் வைத்திருக்கிறாளாம்.

பிறகு மாப்பிள்ளை தலை நிமிராமலே சொன்னார்.

"மச்சான், எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. நான் முழுசா மிதிச்சேனா, இல்ல நிஜமாவே பயந்துட்டேனான்னு. ராத்திரியெல்லாம் காலை அமுக்கிப் பாக்கறேன். தரையைத் தொட்டுச்சான்னு ஞாபகம் வரமாட்டேங்குது. நீங்க ஒரு தடவை வண்டியைப் பாத்துச் சொல்லிடுங்க. வண்டியில ஒண்ணும் இல்லேன்னா, என் கால்தான்னு நானே ஒத்துக்கறேன்."

மெக்கானிக் உள்ளே போய் அலமாரியின் அடித் தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வந்தார். வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசும் ஸ்கேனர். அவருக்கு அதைக் கண்டால் ஆகாது. காது இருக்கிறவனுக்கு இது எதற்கு என்று ஒதுக்கி வைத்திருந்தார். அன்று அதன் மேல் படிந்திருந்த தூசியை வேட்டி முனையால் துடைத்து, வயரைச் சொருகினார்.

வண்டி ஏதாவது ஒரு பழுதைத் தனக்குள் குறித்துக்கொள்ளும்போது, அந்த நொடியில் எல்லாம் எப்படி இருந்தன என்பதையும் சேர்த்து உறைய வைத்துவிடும். அந்த நொடி இப்போது சின்னத் திரையில் விரிந்தது. வேகம், இருபத்தொன்று. இன்ஜினுக்குள் போன காற்றின் சூடு, தொண்ணூற்றாறு டிகிரி. ஆக்ஸிலேட்டர் பெடல், நூறு சதவீதம்.

அவர் திரையை மாப்பிள்ளையின் பக்கம் திருப்பிக் காட்டினார். "நூறு. தரையோட தரையா மிதிச்சிருக்கீங்க. இதுக்கு மேல மிதிக்க இடம் இல்ல."

மாப்பிள்ளை அந்த எண்ணைத் தொட்டுப் பார்த்தார். பிறகு முகத்தை முழங்கைக்குள் புதைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் அழாத மனிதர், சவக்குழியருகே அழாத மனிதர், ஒரு எண்ணைப் பார்த்து அழுதார்.

காலில் பயமில்லை என்றால், காற்று ஏன் கொதித்தது? மெக்கானிக் பானெட்டைத் தூக்கினார். இன்ஜினை ஓட விட்டு, கொஞ்சம் சூடேறட்டும் என்று காத்திருந்து, இரண்டு ஹோஸ்களையும் இரண்டு கையால் பிடித்தார். ஒன்று கையைச் சுட்டது. மற்றது பச்சைத் தண்ணீர் போலக் குளிர்ந்து கிடந்தது. தண்ணீர் சுற்றினால் இரண்டும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்க வேண்டும். இன்ஜினை நிறுத்தி, ஆற விட்டு, தொட்டியின் மூடியைத் திறந்தார். சாவியைத் திருப்பச் சொன்னார். ரீங்காரம் கிளம்பியது. தொட்டியிலிருந்த தண்ணீரில் ஒரு சுழிப்புகூட இல்லை. அவருடைய முகம் மட்டும் அதில் அசையாமல் தெரிந்தது.

பியூஸ் சரியாக இருந்தது. பம்ப்புக்குப் போகும் வயரில் டெஸ்ட் லேம்ப் பளிச்சென்று எரிந்தது. பம்ப்பைக் கழற்றி ஒரு வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்தார். பாடியது. தண்ணீர் நகரவில்லை. நான்கு திருகாணிகளைக் கழற்றி மூடியைப் பிரித்தபோது விஷயம் வெட்டவெளிச்சமானது. தண்ணீரைத் தள்ளுகிற பிளாஸ்டிக் விசிறி, அதைச் சுற்ற வைக்கும் தண்டிலிருந்து கழன்றிருந்தது. மோட்டார் ஓடியது, தண்டு சுழன்றது, விசிறி மட்டும் சும்மா நின்றது. உள்ளே வேலை செத்துப்போயிருந்தது. வெளியே சத்தம் மட்டும் உயிரோடு இருந்தது.

அவர் விசிறியின் துளையைச் சுண்டு விரலால் தடவினார். வட்டமாக இருக்க வேண்டிய துளை, தேய்ந்து தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தது. தண்டு கண்ணாடி போல மினுமினுத்தது. இடுக்கில் பழுப்புக் கசடு கெட்டியாகப் பிடித்திருந்தது. ஒரு நாளில், இரண்டு நாளில் ஆகிற தேய்மானம் இல்லை அது.

மாப்பிள்ளை முகம் கழுவக் கிணற்றடிக்குப் போயிருந்தார். கொட்டகையின் உள்வாசலில் மனைவி நின்றிருந்தாள். எல்லாவற்றையும் அங்கிருந்தே பார்த்துவிட்டாள். இத்தனை வருடம் ஒரு மெக்கானிக்கோடு குடித்தனம் நடத்தியவளுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. கிட்டே வந்து, அவர் கையிலிருந்த விசிறியைத் தன் கையால் மூடினாள்.

"அன்னிக்கு வழியிலதான் போச்சுன்னு சொல்லிடுங்க. அவர் மேலயும் தப்பில்ல, உங்க மேலயும் தப்பில்ல. ரெண்டு பேரும் சேந்துப்பாங்க. நமக்கும் அவ இருப்பா. யாருக்கு நஷ்டம்?"

உண்மையில் யாருக்கும் நஷ்டமில்லாத பொய்தான். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. தங்கையை அவளும்தானே வளர்த்தாள். பதினான்கு வயதுப் பெண்ணுக்கு முதன்முதலாகத் தளர்வாகப் பின்னல் போட்டுவிட்டது அந்தக் கைதானே. அந்த வார்த்தையைச் சொல்லிவிட அவருக்கு வாய் வரை வந்துவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே மாப்பிள்ளை திரும்பி வந்தபோது, பம்ப் செத்துப்போச்சு, விசிறி கழன்றிருக்கு என்று மட்டும் முதலில் சொன்னார். மாப்பிள்ளையின் முகத்தில் பதினோரு நாளுக்குப் பிறகு ரத்தம் ஓடியது. தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

பிறகு, யாரையும் குற்றம் சாட்டுகிற குரலில் இல்லாமல், தனக்குத்தானே கணக்குப் பார்க்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்டார்.

"அப்படின்னா மச்சான், போன மாசம் இழுக்கலேன்னு நான் சொன்னது? அப்ப பம்ப் நல்லா இருந்துச்சுன்னா, அன்னிக்கு ஏன் இழுக்கல?"

ஒரு பொய்யைச் சொன்னால் அதற்கு முட்டுக் கொடுக்க இன்னொரு பொய் வேண்டும். இந்த இரண்டாவது பொய்யைச் சொல்வதென்றால், இந்த மனிதரின் காலை மறுபடியும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டும். போன மாதம் இழுக்காததற்கு வேறு எதைக் காரணம் காட்ட முடியும்? அவர் மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அப்பவே போயிருந்துச்சு" என்றார் மெக்கானிக். "நான் தொட்டியைத் திறந்து பாக்கல மாப்பிள்ளை. சத்தத்தை மட்டும் கேட்டேன். சத்தம் இருந்துச்சு. திறந்து பாத்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். அன்னிக்கே மாத்தியிருப்பேன்."

கழற்றிய பொருளை உரியவர் கையில் கொடுப்பது அவருடைய வழக்கம். எந்தப் பொருளானாலும், எவ்வளவு அழுக்கானதானாலும், என்ன போயிற்று என்று காட்டிக் கையில் வைத்துவிடுவார். அன்றும் விசிறியையும் தண்டையும் துடைத்து மாப்பிள்ளையின் உள்ளங்கையில் வைத்தார். துளையைக் காட்டினார். மாப்பிள்ளை நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அடித்திருக்கலாம், கத்தியிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. அவளிடம் இதை எப்படிச் சொல்வது என்று மட்டும் முணுமுணுத்தார். தன்னைப் பெயர் சொல்லியே சொல்லிவிடும்படி மெக்கானிக் கேட்டுக்கொண்டார். ஸ்கேனர் காட்டிய நூறை ஒரு காகிதத்தில் எழுதி, அதன் கீழே, 'தப்பு என்னுடையது. அவர் கால் பயப்படவில்லை' என்று எழுதிக் கொடுத்தார்.

மத்தியானத்துக்குள் புதுப் பம்ப் வாங்கி வந்து பொருத்தி, ஹோஸில் காற்று நிற்காமல் தட்டித் தட்டி வெளியேற்றி, தொட்டியில் தண்ணீர் சுழல்வதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அனுப்பி வைத்தார். பார்த்ததோடு நிற்காமல், இரண்டு ஹோஸ்களையும் கையால் பிடித்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். அந்த வேலையை ஒரு மாதம் முன்னால் செய்ய அரைமணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்காது.

மூன்றாம் நாள் காலை வாசல் மணி அடித்தது. தங்கை கொட்டகை வழியாக நுழைந்து நேராக அடுப்படிக்குப் போகிறவள். அந்த வீட்டின் வாசல் மணியை அவள் அதுவரை தொட்டதே இல்லை. மனைவி கதவைத் திறந்தபோது அவள் வெளிறிய முகத்தோடு, காதோரம் முடி கலைய நின்றாள். தெருவில் டிரக் நின்றிருந்தது. உள்ளே மாப்பிள்ளை இருந்தார்.

அண்ணி கட்டிக்கொள்ளப் போனாள். அவள் விலகவில்லை. ஆனால் கட்டிக்கொள்ளவும் இல்லை. உள்ளே வந்து, வண்டிக்காரர்கள் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியில், நுனியில் உட்கார்ந்தாள். தண்ணீர் வேண்டாம் என்றாள். அண்ணன் எதிரே நின்றார். அவருக்கு உட்காரத் தோன்றவில்லை.

"அவர் சொன்னதெல்லாம் நிஜமா?" என்று கேட்டாள்.

அவர் ஆமாம் என்று தலையசைத்தார்.

"ஏன் திறந்து பாக்கல? எந்த வண்டியையும் நீ அப்படி விட்டதே இல்லையே."

அவர் வாயைத் திறந்தார். மூன்று நாளாகத் தனக்குள் சொல்லிப் பார்த்த பதில்தான். சொன்னபோது அது குழந்தை சொல்லும் சாக்கைப் போல இருந்தது.

"நீ வெயில்ல உக்காந்திருந்தே."

அவள் காலியாகிவிட்ட தன் வயிற்றின் மேல் கையை வைத்தாள். தன்னை அறியாமல் வைத்த கை. பிறகு அதை எடுத்துவிட்டாள். அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. குரல் மட்டும் உடையவில்லை.

"தெரியும் அண்ணா. வர்ற வழியெல்லாம் அதைத்தான் நெனச்சேன். இவர் மேல கோபம் வந்தது, பேசாம இருந்துட்டேன். உன் மேல கோபம் வரமாட்டேங்குது. வந்தா நல்லா இருந்திருக்கும். நாலு வார்த்தை திட்டிட்டு, நாளைக்கே திரும்பி வந்துடுவேன். திட்டவே முடியல. உன்னைப் பாத்தா எனக்கு அவ முகம் மட்டுந்தான் தெரியுது. இனிமே என்னால இங்க வர முடியாது."

அவர் ஒரு அடி முன்னால் வைத்தார். அவள் கையைத் தூக்கித் தடுத்தாள். அவ்வளவு மெதுவாக, அவர் அடிபட்டுவிடக் கூடாது என்பது போல.

அண்ணி அழுதுகொண்டே ஏதேதோ சொன்னாள். கொஞ்ச நாள் போகட்டும், மனசு ஆறட்டும், வருஷம் ஆனாலும் பரவாயில்லை என்றாள். தங்கை எல்லாவற்றுக்கும் தலையசைத்தாள். எதற்கும் சரி என்று சொல்லவில்லை. எழுந்து, நாற்காலியை முன்பு இருந்த இடத்திலேயே ஒட்டி வைத்தாள். அண்ணனின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். வெகுதூரம் போகிறவர்கள் கும்பிடுவது போல இருந்தது. அவர் அவள் தலையில் கை வைக்கப் போனார். பாதியிலேயே கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

வாசலில் நின்று, தெருவிலிருந்த புருஷனைப் பார்த்து, "கதவைத் திறங்க, வரேன்" என்றாள். பதினான்கு நாளுக்குப் பிறகு அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது. மாப்பிள்ளை அவசர அவசரமாக இறங்கி, சுற்றி வந்து, அவள் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்த மெக்கானிக்கின் மனதில், அந்த வேதனைக்குள்ளும், ஏதோ ஒன்று அடங்கியது.

அவர் வாசல் வரை போகவில்லை. நடுவீட்டிலேயே நின்றுவிட்டார். தங்கை படியிறங்குவதற்கு முன் திரும்பி, வீட்டுக்கதவின் பிடியைப் பற்றி, தானே மெதுவாக இழுத்துச் சாத்தினாள்.